நீர்மட்டம்

பத்தொன்பது வருஷத்துக் கேஸ் கட்டில்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என் பெயர் வருகிறது.
கமிஷனர், மேற்படி கிணற்றை நேரில் பார்வையிட்டு
அளந்து அறிக்கை தர வேண்டியது.
மேற்படி என்ற சொல்லை
முதன்முறையாகக் கண்ணால் பார்க்கப் போகிறேன்.

சத்துவாச்சாரியில் ஏறி, அணைக்கட்டில் டீ குடித்து
ஒடுகத்தூர் தாண்டி இறங்கினால்
உத்திரகாவேரி வெறும் மணல் தடம்.
நடு ஆற்றில் ஆடு ஓட்டுகிறவன்
போனில் யாரையோ திட்டிக்கொண்டு போகிறான்.

பாகப்பத்திரம், 1984:
கிணற்றில் சரிபாதியும்
செவ்வாய் வெள்ளி இறைப்பு முறையும்
மாமூல் வண்டித் தடமும்
நிதி நிட்சேப ஜல தரு பாஷாணமும்...
படிக்கப் படிக்க வாய் ஈரமாகிறது.
சரிபாதி என்றால் இரண்டு.
பிறந்தது மூன்று.

வாதி முனிரத்தினம் கிழக்குக் கரையில்.
முதல் பிரதிவாதி சம்பங்கி மேற்கே.
ஒரே மூக்கு. இடது தோளில் ஒரே மாதிரி துண்டு.
"அவங்கிட்ட கேளுங்க" என்று இவர் என்னிடம்.
"இவங்கிட்ட சொல்லுங்க" என்று அவர் என்னிடம்.
இரண்டாம் பிரதிவாதி மின்வாரியம்.
அது வரவில்லை.

டேப்பின் மறுமுனையை யார் பிடிப்பது?
முனிரத்தினம் தொட்டால் சம்பங்கிக்கு ஆட்சேபணை.
சம்பங்கி தொட்டால் எதிர்தரப்பு வக்கீல் தொண்டையைச் செருமுகிறார்.
வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள்.
மூன்றாம் பிரதிவாதி, தேசம்மாள்,
கூடப் பிறந்தவள், குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள்.
கட்டில் அவள் பெயருக்கு எதிரே எக்ஸ்பார்ட்டி என்று இருக்கிறது.
கோர்ட்டில் மூன்று முறை கூப்பிட்டார்களாம்.
கூப்பிட்ட அன்று அவள் சி.எம்.சி.யில்
புருஷனுக்கு டயாலிசிஸ் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தாள்.
டேப் முனையைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு
"அளம்மா" என்றாள்.

நீளம் இருபத்தெட்டடி. அகலம் இருபத்தாறரை.
ஆழத்துக்குக் கயிற்றில் கல் கட்டி விட்டேன்.
அறுபத்தொன்றில் டக் என்றது.
அடியில் ஒற்றை ரப்பர் செருப்பு, அறுந்த மோட்டார் குழாய்,
காய்ந்த சேற்றில் ஒரு நாய் நடந்த தடம்.
அது எப்படி இறங்கிற்று, எப்படி ஏறிற்று என்பது
கமிஷனரின் வரம்புக்குள் வராது.

நீர்மட்டம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதப்போனேன்.
இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில்:
"அத்த மட்டும் எழுதாதம்மா!"

பத்தொன்பது வருஷத்தில் முதல் சமரசம்.

தண்ணியே இல்லேன்னா கேச தள்ளிப்புடுவாங்களே,
வக்கீலுக்குக் குடுத்தது, வாய்தாவுக்கு வாய்தா பஸ்ஸுக்குக் குடுத்தது,
ரெண்டு கறவ மாடு, ஒரு ஜோடி வளையல்,
இன்னாத்துக்குன்னு பையன் கேக்க மாட்டானா?
கீதுன்னே எழுதிக்க. கொஞ்சமா கீதுன்னு.

இதைச் சொன்னது கிழக்கா மேற்கா
என் குறிப்பில் இல்லை.
தேசம்மாள் காலை எடுத்தாள்.
டேப் சரசரவென்று என்னிடம் ஓடி வந்தது.

'இல்லை' என்றே எழுதினேன்.

ஐப்பசியில் ஜவ்வாது மலையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது.
உத்திரகாவேரி ஒரு தரைப்பாலத்தைத் தின்றது.
அதே வாரம் என் அறிக்கைக்கு
இரு தரப்பும் ஆட்சேபணை தாக்கல்:
கமிஷனர் உண்மைக்குப் புறம்பாக.
வாரண்டு மறுபடியும் என் பேருக்கே.

இந்த முறை பதினோராம் படிவரை தண்ணீர்.
கிழக்கே ஒரு குடை, மேற்கே ஒரு குடை,
செவ்வாய் யாருடைய செவ்வாய் என்று
நான் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

கீழே, பன்னிரண்டாம் படியில்,
கெண்டைக்கால் முழுக தேசம்மாள் உட்கார்ந்திருந்தாள்.
டேப்பின் முனையை அவளிடம் நீட்டினேன்.

"இரும்மா" என்றாள்,
"கால் கொஞ்சம் நனையட்டும்."